புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்தாதீர்கள்

தொட்டி மீனின் வாலிலும் துடுப்பிலும் ரவையைத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். கூழாங்கல்லில் உடம்பை உரசிக்கொண்டு விருட்டென்று பாயும். வெண்புள்ளி நோய்தான். மருந்து ஊற்றிய சில நாளில் புள்ளிகள் உதிர்ந்துவிடும். பலரும் அத்தோடு மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். தொட்டியே காலியாவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.

புள்ளிக்குள் இருப்பது ஓர் ஒட்டுண்ணி. மீனின் தோலுக்கடியில் இருக்கும்வரை மருந்து அதைத் தொடாது. முற்றியதும் உதிர்ந்து, அடிமண்ணில் ஒட்டி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிந்து, அடுத்த மீனைத் தேடி நீந்தும். மருந்துக்கு அது சிக்குவது இந்த நீந்தும் பருவத்தில்தான். 25 டிகிரியில் இந்தச் சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு வாரம். தண்ணீர் குளிர்ந்திருந்தால் இன்னும் நீளும். ஆகவே கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரமாவது மருந்து தொடர வேண்டும். புள்ளி உள்ள மீனை மட்டும் வாளிக்கு மாற்றுவதும் வீண், ஒட்டுண்ணி தொட்டியில்தானே இருக்கிறது!

அடுத்த தவறு, பதறிப்போய்த் தண்ணீர் முழுவதையும் கொட்டி, பில்டர் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவுவது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் குடியிருப்பது அந்த ஸ்பாஞ்சில். குளோரின் அவற்றைக் கொன்றுவிடும். பிறகு மீன் மேலே வந்து வாயைப் பிளப்பது அம்மோனியாவால். பழி என்னவோ மருந்தின் மேல். கால் பங்குத் தண்ணீரை, குழாய் வைத்து அடிமண்ணை உறிஞ்சியபடி, மாற்றினால் போதும். புதுத் தண்ணீரில் குளோரின் நீக்கி அவசியம்.

பில்டரில் கரி இருந்தால் முதலில் வெளியே எடுங்கள். நீல மருந்து ஊற்றிய தண்ணீர் காலையில் பளிங்காகத் தெளிந்திருந்தால், மருந்தைக் கரி குடித்துவிட்டது என்று பொருள்.

மருந்தின் அளவு விஷயத்தில் கண் மதிப்பு ஆகாது, தண்ணீர் எத்தனை லிட்டர் என்று பார்த்துத்தான் ஊற்ற வேண்டும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி கணக்குக்கு ஏறக்குறைய 57 லிட்டர். கல்லையும் மேலே விட்ட இடைவெளியையும் கழித்தால் ஏறக்குறைய 45 லிட்டர்தான் தேறும். தாமிரம் கலந்த மருந்து என்றால் இறாலும் நத்தையும் தப்பாது, அவற்றை முன்பே இடம் மாற்றிவிடுங்கள்.

ஆன்டிபயாட்டிக் மாத்திரையைப் பொடித்துத் தூவுகிறவர்களும் உண்டு. இந்த ஒட்டுண்ணி அதற்கு அசையாது. ஒட்டுண்ணியின் சுற்றைச் சுருக்க ஹீட்டரைக் கூட்டுகிறவர்கள் ஏர் பம்பையும் கூட்டுங்கள்: சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. சென்னை மே மாதத்தில் அந்த ஹீட்டரே வேண்டாம்.