டிஸ்னி வேர்ல்டு: சாப்பாட்டு மேசைக்கு அடகு போன நாள்

போன மாதம், அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவர் தன் ஆர்லாண்டோ பயணத் திட்டத்தை எக்ஸெல் தாளில் போட்டு அனுப்பி, "அக்கா, ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்றார். நாலு நாள், டிஸ்னி வேர்ல்டின் நாலு பூங்கா. நாளுக்கு ஒரு பெரிய ஹோட்டல் சாப்பாட்டு புக்கிங். அதில் மூன்று, மதியம் ஒரு மணிக்கு. கூட வருவது ஊரிலிருந்து வந்திருக்கும் அவருடைய அப்பா அம்மாவும் ஐந்து வயது மகளும். தாளைப் பார்த்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. 2019-இல் நான் போட்ட தாளும் அச்சு அசல் இப்படித்தான் இருந்தது.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், சார்லட் நகரில். காரில் கிளம்பினால் எட்டு மணி நேரத்தில் ஆர்லாண்டோ. ஏழு முறை போய் வந்தாயிற்று. தெரிந்தவர்கள் பலருக்குத் திட்டம் போட்டும் கொடுத்திருக்கிறேன். நல்ல ஷூ போடுங்கள், தண்ணீர் எடுத்துப் போங்கள் என்பதையெல்லாம் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். அதை விட்டுவிடுகிறேன். புதிதாகப் போகிறவர்கள் ஒவ்வொருவரும் திரும்பத் திரும்ப விழும் பள்ளங்கள் சில உண்டு. அவற்றில் ஒன்றைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நட்ட நடு மதியத்தில், பூங்காவுக்கு வெளியே சாப்பாட்டு புக்கிங்

2019 ஜூன். மாமாவும் அத்தையும் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார்கள். பெரியவனுக்கு எட்டு வயது, சின்னவளுக்கு நாலு. ஆறு பேருக்கும் மேஜிக் கிங்டம் டிக்கெட். அந்தக் காலத்தில் சாப்பாட்டு புக்கிங் 180 நாள் முன்னதாகவே திறந்துவிடும். (இப்போது 60 நாள்.) ஜனவரியில், விடிவதற்கு முன்னால் எழுந்து உட்கார்ந்து, எல்லாரும் புகழ்கிற ஒரு ரிசார்ட் பஃபேயில் மதியம் ஒரு மணிக்கு இடம் பிடித்தேன். கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் அது எங்கே இருக்கிறது, அங்கே எப்படிப் போவது என்று பார்க்கவே இல்லை.

டிஸ்னி வேர்ல்டை ஒரு பூங்கா என்று நினைத்துக்கொண்டு போவதுதான் இதற்கு வேர். அது ஒரு ஊர். சுமார் 100 சதுர கிலோமீட்டர். 2011-இல் விரிவாக்கும் முன் இருந்த சென்னை மாநகராட்சியில் பாதிக்கு மேல் வரும். 1971-இல் திறந்த மேஜிக் கிங்டம், 1982-இல் வந்த எப்காட், 1989-இன் ஹாலிவுட் ஸ்டூடியோஸ், 1998-இன் அனிமல் கிங்டம் எல்லாம் தனித்தனி மூலைகளில் இருக்கின்றன. நடுவில் காடும் ஏரியும் நெடுஞ்சாலையும். கைபேசி வரைபடத்தில் விரலை வைத்தால் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். பஸ் நிறுத்தத்தில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் தூரம் தெரியும்.

அன்றைக்கு காலையிலேயே எனக்கு உறுத்தியது. சின்னவள் பறக்கும் யானையில் ஏறி இறங்கி, இன்னொரு முறை என்று குதித்துக்கொண்டிருந்தாள். பீட்டர் பான் ரைடுக்கு மதியம் ஒன்றிலிருந்து இரண்டு மணிக்குள் ஏற, நீண்ட கியூவைத் தவிர்க்கும் அந்தக் காலத்து ஃபாஸ்ட்பாஸ் கையில் இருந்தது. சாதாரண கியூவில் அதற்கு ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டும். "பேசாம கேன்சல் பண்ணிடலாமா?" என்று இவர் கேட்டார். முந்தின நாளே கேன்சல் செய்திருக்க வேண்டும்; அன்றைக்குப் போகாமல் விட்டால் ஆளுக்கு 10 டாலர் பிடித்துக்கொள்வார்கள். ஆறு பேருக்கு 60 டாலர். அறுபது டாலரை எதற்குத் தண்டமாகக் கட்ட வேண்டும், வாங்க போகலாம் என்றேன்.

பதினொன்றே முக்காலுக்குக் கிளம்பினோம். உள்ளே இருந்து வாசல் வரை நடக்கவே இருபது நிமிடம். பஸ்ஸுக்கு நின்றோம். ரிசார்ட்டில் இறங்கி, நீண்ட நடைவழியில் நடந்து, பெயர் கொடுத்து, திரும்பவும் காத்திருந்து, மேசையில் உட்காரும்போது ஒன்று இருபது. மாமாவுக்குச் சர்க்கரை. பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டாக வேண்டும். பஸ்ஸில் வரும்போதே அவருடைய விரல்கள் நடுங்க ஆரம்பித்துவிட்டன. அத்தை கைப்பையைத் திறந்து, ஜிப் பையில் வைத்திருந்த கடலைமிட்டாயை உடைத்து ஒவ்வொரு துண்டாக அவர் உள்ளங்கையில் வைத்துக்கொண்டே வந்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை.

அங்கே வரிசையாக இறைச்சி. குற்றம் சொல்ல முடியாது, அந்தச் சாப்பாட்டுக்காகவே அந்த இடத்துக்கு வருகிறார்கள். முட்டைகூடத் தொடாத அத்தை ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னும் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் தட்டில் இருந்தது இரண்டு ரொட்டித் துண்டு, கொஞ்சம் தர்பூசணி, வெறும் சோறு. "தயிர் இருக்குமா கேளு" என்றார்கள். சின்னவள் நாற்காலியிலேயே தூங்கிவிட்டாள். டிப்ஸோடு பில் 300 டாலரைத் தாண்டியது.

வெளியே வந்தால் மழை. திரும்ப மேஜிக் கிங்டம் வாசலுக்குள் நுழைந்தபோது மணி நாலு பத்து. ஃபாஸ்ட்பாஸ் போயிற்று. சின்னவள் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த ஊர்வலமும் போயிற்று. ஆறு பேருக்கு ஒருநாள் டிக்கெட் கட்டி, அந்த நாளின் நடுவிலிருந்து நாலரை மணி நேரத்தை அள்ளி எறிந்தேன், 60 டாலரை மிச்சம் பிடிக்க. இன்றைக்கு நினைத்தாலும் ஆத்திரமாக வருகிறது. பணம் போனதற்காக அல்ல. மாமாவுக்கு அது ஒரே ஒரு அமெரிக்கப் பயணம். அதில் அந்த மதியம் பஸ் நிறுத்தத்தில் கழிந்தது.

ஆகவே, புக்கிங் தவறு என்று தெரிந்துவிட்டால் உடனே விட்டுவிடுங்கள். இப்போது விதி தளர்ந்திருக்கிறது. பெரும்பாலான ஹோட்டல்களில் இரண்டு மணி நேரம் முன்னால் வரை கட்டணமின்றிக் கேன்சல் செய்யலாம். (முன்பணம் கட்டும் காட்சி விருந்துகளுக்கு விதி வேறு, புக் செய்யும்போதே படித்துவிடுங்கள்.) நேரம் தாண்டியிருந்தாலும், ஆளுக்கு 10 டாலர் போனால் போகட்டும். பூங்காவுக்குள் ஒரு மணி நேரத்தின் விலை அதைவிட அதிகம். டிக்கெட் தொகையை உள்ளே இருக்கப்போகும் மணிகளால் வகுத்துப் பாருங்கள், புரியும்.

அப்படியானால் எங்கே, எப்போது சாப்பிடுவது

ரிசார்ட் ஹோட்டல்களில் சாப்பிட பூங்கா டிக்கெட் தேவையில்லை. இது பலருக்குத் தெரிவதில்லை. எனவே அந்தச் சாப்பாடுகளை வந்து இறங்கும் நாளுக்கோ, நடுவில் விடும் ஓய்வு நாளுக்கோ தள்ளுங்கள். நம்மவர்களுக்கு நான் முதலில் சொல்வது அனிமல் கிங்டம் லாட்ஜின் கிடானி வில்லேஜில் உள்ள சனா. இந்திய வகை ரொட்டிகளை மாங்காய் சட்னி, புளிச் சட்னி, ஊறுகாய், ரைத்தா என்று வரிசையாகக் கிண்ணங்களோடு கொண்டுவந்து வைப்பார்கள். ஜன்னலுக்கு வெளியே புல்வெளியில் ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் மேயும். வெளிச்சம் இருக்கும்போதே போய்விட வேண்டும். இருட்டியபின் போனால் பாதி அனுபவம் இல்லை.

பூங்காவுக்குள் இருக்கும் நாளில் கவுண்டர் சாப்பாடு போதும். காலை பத்து மணிக்கே டிஸ்னியின் செயலியில் பன்னிரண்டு மணிக்கான ஆர்டரைப் போட்டுவிடுங்கள். பசி வந்தபின் திறந்தால் நேரம் கிடைக்காது. அனிமல் கிங்டமில் சட்டூலி கேன்டீன் என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே சாதத்தின் மேல் காரமான டோஃபு போட்ட கிண்ணம் கிடைக்கும். எங்கள் அத்தை அதைத்தான் முழுதாகச் சாப்பிட்டார்கள்.

சைவக் குடும்பங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் வெஜிடேரியன் என்றால் முட்டை, சீஸ் எல்லாம் உள்ளே வரும். மெனுவில் சின்ன இலைக் குறி போட்டிருக்கும் உணவில் இறைச்சி, முட்டை, பால், தேன் எதுவும் இருக்காது. முட்டை சேர்க்காதவர்கள் அந்த இலையைத் தேடுங்கள்.

இதையெல்லாம் விடச் சிறந்தது, வீட்டுச் சாப்பாடு. டிஸ்னி பூங்காக்களுக்குள் வெளிச் சாப்பாட்டைக் கொண்டுபோக அனுமதி உண்டு. கண்ணாடிப் பாத்திரம், மது, உதிரி ஐஸ் கட்டி, உள்ளே சூடாக்க வேண்டிய உணவு, இவை கூடாது. ஜெல் ஐஸ் பேக் வைக்கலாம். நான் முந்தின இரவே புளியோதரை கிளறி, காலையில் தயிர்சாதம் பிசைந்து, பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்துச் சின்ன கூலர் பையில் போட்டுவிடுவேன். தயிர்சாதத்துக்குப் பாலை அதிகமாக ஊற்றிப் பிசைய வேண்டும். புளோரிடா வெயிலில் மதியத்துக்குள் புளித்துவிடும். பாதுகாப்புச் சோதனையில் பையைத் திறந்து காட்டினால் போதும், வெட்கப்பட ஒன்றுமில்லை. கவுண்டர் கடைகளில் கேட்டால் ஒரு கப் ஐஸ் தண்ணீர் இலவசமாகவே கொடுப்பார்கள்.

வந்து இறங்கிய அன்றே பூங்கா டிக்கெட்

வேண்டாம்.

மேஜிக் கிங்டமுக்குக் காரில் போய், வாசலில் இறங்கலாம் என்று நினைப்பது

மற்ற மூன்று பூங்காக்களில் வண்டியை நிறுத்திவிட்டு வாசலுக்கு நடந்துவிடலாம். மேஜிக் கிங்டமில் அது நடக்காது. வாகன நிறுத்தம் ஏரிக்கு இந்தப் பக்கம், பூங்கா அந்தப் பக்கம். மோனோரெயிலோ படகோ ஏறிப் போக வேண்டும். வாடகைக் காரில் வந்தாலும் இந்தக் கரையில்தான் இறக்கிவிடுவார்கள். டிஸ்னி ரிசார்ட்டில் தங்குகிறவர்களின் பஸ் வாசலருகே கொண்டுபோய் விடும். ஒன்பது மணிக்குத் திறக்கிறது என்றால் காரில் போகிறவர்கள் எட்டு மணிக்கு நிறுத்தத்தில் இருக்க வேண்டும். முதல் ஒரு மணி நேரத்தில் ஏறும் ரைடுகள் மதியம் மூன்று மணி நேரத்தில் ஏறுவதற்குச் சமம். அதைக் கரையில் நின்று இழக்காதீர்கள்.

உயரம் அளக்காமல் பிள்ளைக்கு ஆசை காட்டுவது

ஸ்பேஸ் மவுன்டன் ரைடில் ஏறக் குறைந்தது 44 அங்குல உயரம் வேண்டும், அதாவது 112 சென்டிமீட்டர். எக்ஸ்பெடிஷன் எவரெஸ்டுக்கும் அதே அளவு. டிரானுக்கு 48. வீட்டில் சுவரோரம் நிறுத்தி அளந்துவிட்டு, பிறகு வீடியோ காட்டுங்கள். என் தோழியின் மகன் ஆறு மாதமாக ஒரே ரைடைப் பற்றிப் பேசி வந்தான். அளவுக் கட்டையின் கீழ் நின்றபோது, தலைமுடிக்கும் கட்டைக்கும் நடுவில் என் சுட்டுவிரல் புகும் அளவு இடைவெளி. அங்கே நிற்கும் பணியாளர் அந்த விரல்கடையை விடமாட்டார், விடவும் கூடாது. அவன் அழவில்லை, ஷூவின் முனையால் தரையைத் தேய்த்துக்கொண்டே நின்றான். அதைப் பார்க்க முடியவில்லை.

சின்னப் பிள்ளை இருப்பதால் பெரியவர்களும் ஏற முடியாது என்று நினைக்க வேண்டாம். ரைடர் ஸ்விட்ச் என்று ஒரு வசதி உண்டு. ஒருவர் பிள்ளையோடு வெளியே இருக்க, மற்றவர்கள் ஏறி இறங்குவார்கள். பிறகு வெளியே இருந்தவர் மறுபடி முழு கியூவில் நிற்காமல் ஏறலாம். வாசலில் நிற்கும் பணியாளரிடம் நாம்தான் கேட்க வேண்டும்.

மூன்று வயதுக்குக் கீழ் டிக்கெட் இல்லை என்பதால் வயதைக் குறைத்துச் சொல்வது

செய்யாதீர்கள். பக்கத்தில் நிற்கும் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறது.

முதல் பயணத்திலேயே பார்க் ஹாப்பர்

ஒரே நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட பூங்காக்களுக்குப் போகவிடும் டிக்கெட் அது. பெரியவர்கள் கூட வந்தால் காசு வீண். ஒரு நாளைக்கு ஒரு பூங்காவே அதிகம்.

"எனக்கு எதுக்கும்மா சக்கர நாற்காலி" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை அப்படியே நம்புவது

ஊரில் தினமும் காலை நடை போகிறவர்கள்தான். ஆனால் அங்கே அரை மணி நேரம் நடக்கிறார்கள். இங்கே பன்னிரண்டு மணி நேரம். எப்காட்டில் மட்டும் ஏரியைச் சுற்றிப் பதினொரு நாடுகளின் அரங்குகள். அந்தச் சுற்றே ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். அங்கே போன அன்று இரவு என் கைபேசி 22,000 காலடிகள் காட்டியது. கால் வலிக்கிறது என்று பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்லும்போது இரண்டு நாள் பயணம் ஏற்கெனவே கெட்டுப்போயிருக்கும். காலையில் நுழைந்ததுமே வாசலருகே நாற்காலியை வாடகைக்கு எடுத்துவிடுங்கள். முதலில் வருபவருக்குத்தான் கிடைக்கும், மதியம் தேடினால் இருக்காது. உட்கார மனம் வராவிட்டால் பையை வைத்துத் தள்ளிக்கொண்டு வரட்டும். பதினொரு மணிக்குத் தானாக உட்காருவார்கள்.

மழை வந்ததும் அறைக்குத் திரும்புவது

கோடையில் பிற்பகல் இடிமழை அங்கே அன்றாடம். மின்னல் வெட்டினால் வெளிப்புற ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். பாதிக் கூட்டம் கிளம்பிப் போகும். நீங்கள் கூரை உள்ள இடத்தில் ஒரு மணி நேரம் இருங்கள். மழைக்கோட்டை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். மழை விட்டபின் இருக்கும் அந்த இரண்டு மணி நேரம், குளிர்ந்த தரையும் குறைந்த கியூவுமாக, நாளிலேயே நல்ல நேரம்.

அந்தத் தம்பியின் திருத்திய தாள் நேற்று வந்தது. மதிய புக்கிங் மூன்றும் இல்லை. இறங்கும் நாளுக்குப் பூங்கா டிக்கெட் எடுக்கவில்லை. அன்று மாலை ஐந்து மணிக்குச் சனா. மேஜிக் கிங்டம் நாளின் மதியக் கட்டத்தில், "அம்மா செய்யும் எலுமிச்சை சாதம், நிழல்" என்று மட்டும் எழுதியிருந்தார். ஒன்றே ஒன்றைத் திருத்தச் சொன்னேன். விமானம் இறங்குவதே மூன்றரைக்கு, அதற்குப் பிறகு பெட்டி, வாடகைக் கார், அறை. ஐந்தை ஏழாக்குங்கள் என்றேன். ஆகஸ்ட் நடுவில் ஏழு மணிக்கும் அங்கே நல்ல வெளிச்சம் இருக்கும், ஒட்டகச்சிவிங்கி தெரியும்.