கரண்ட் போய் வந்த பிறகு கடை கம்ப்யூட்டர் தானே சரியாக

ஏப்ரல், மே மாதம் பெங்களூரில் சாயங்காலம் இடி மழை பிடித்தால் கரண்ட் போகும். மறுநாள் காலை எனக்குப் போன் வரும். ஸ்ரீராமபுரம் மளிகைக்கடை அண்ணாச்சிதான். "தம்பி, கறுப்புத் திரையில ஏதோ எழுத்து நிக்குது, பில் போட முடியல." உபுண்டு என்ற லினக்ஸ் வகையைப் போட்டுக் கொடுத்த மெஷின் அது. 'எஃப்எஸ்சிகே-யைக் கையால் ஓட்டு' என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டு நிற்கும். எஃப்எஸ்சிகே என்பது டிஸ்க்கைச் சரிபார்த்துத் திருத்தும் நிரல்.

லினக்ஸ் கிளம்பும்போதே டிஸ்க்கைச் சரிபார்க்கும். சின்னக் கோளாறைத் தானே திருத்திவிடும். கொஞ்சம் ஆபத்தானது என்று பட்டால் மட்டும் ஆளைக் கூப்பிடும். நம்மில் யார் போய் உட்கார்ந்தாலும் அது கேட்கும் கேள்விக்கெல்லாம் 'ஒய்' (ஆம்) தட்டத்தான் போகிறோம். அதை முன்கூட்டியே சொல்லி வைத்துவிடலாம்.

ஈடிசி கோப்புறையில் 'டிஃபால்ட்', அதற்குள் 'கிரப்' கோப்பு. லினக்ஸைக் கிளப்பிவிடும் நிரலின் அமைப்பு அதில்தான் இருக்கிறது. அதை சூடோ (நிர்வாகி அனுமதி) போட்டுத் திறந்து, 'கிரப்_சிஎம்டிலைன்_லினக்ஸ்_டிஃபால்ட்' வரியின் மேற்கோள் குறிக்குள் 'எஃப்எஸ்சிகே.ரிப்பேர்=யெஸ்' என்று சேருங்கள். ஆங்கிலச் சின்ன எழுத்து, நடுவே இடைவெளி கூடாது. சேமித்து 'சூடோ அப்டேட்-கிரப்' ஓட்டுங்கள். இதை மறந்தால் மாற்றம் கோப்போடு நின்றுவிடும். ரீபூட் செய்து, ப்ராக் கோப்புறையின் 'சிஎம்டிலைன்' கோப்பில் அந்த வார்த்தை வந்திருக்கிறதா பாருங்கள்.

அப்புறம் அதே ஈடிசி கோப்புறையில் எஃப்எஸ்டேப், எந்தப் பார்ட்டிஷனை எங்கே இணைப்பது என்று சொல்லும் கோப்பு. இஎக்ஸ்டி4 (டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் ஒரு முறை) என்று இருக்கும் ஒவ்வொரு வரியிலும் கடைசி எண் ரூட்டுக்கு (லினக்ஸ் இருக்கும் முக்கியப் பார்ட்டிஷன்) 1, மற்ற பார்ட்டிஷனுக்கு 2. பூஜ்யம் இருந்தால் சோதனையே நடக்காது. பேக்கப்புக்குச் சொருகும் யுஎஸ்பி டிஸ்க் வரியில் 'நோஃபெயில்' சேருங்கள். இல்லாவிட்டால் அதைக் கழற்றி வைத்த நாளில் மெஷின் பாதியில் நின்றுவிடும்.

இதெல்லாம் இஎக்ஸ்டி4-க்கு. எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு முறை என்றால் கிளம்பும்போது நடக்கும் எஃப்எஸ்சிகே ஒன்றும் செய்யாது. அதற்கு எக்ஸ்எஃப்எஸ்_ரிப்பேர் தனியாக ஓட்ட வேண்டும்.

ஆனால் டிஸ்க்கே சாகக் கிடந்தால் இந்த 'யெஸ்' வினையாகிவிடும். படிக்க முடியாத இடத்தை வைத்துக்கொண்டு திருத்தப் போய், இருப்பதையும் கெடுக்கும். அதனால் முதலில் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் ஓட்டி, 'பெண்டிங் செக்டர்' (படிக்கத் திணறும் இடங்கள்) எண்ணிக்கை பூஜ்யமா என்று பார்க்காமல் நான் இதைப் போடுவதில்லை. பூஜ்யம் இல்லையென்றால் பேக்கப் எடுத்துவிட்டு டிஸ்க்கை மாற்றச் சொல்லிவிடுவேன். அண்ணாச்சி முகம் சுளிப்பார், பரவாயில்லை.

பயாஸில் (மெஷினின் அடிப்படை அமைப்புத் திரை) கரண்ட் வந்ததும் தானே ஆன் ஆகும் அமைப்பு இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள்.

ஒன்று மட்டும் அண்ணாச்சிக்குப் புரிய வைக்க நேரமானது. எஃப்எஸ்சிகே கோப்பு அமைப்பைத்தான் நேராக்கும். கரண்ட் போன நொடியில் பாதி எழுதிய பில்லைக் கொண்டுவராது. ஊர்பேர் தெரியாத துண்டுகளை 'லாஸ்ட்+ஃபவுண்ட்' கோப்புறையில் வெறும் எண்ணாகப் போட்டிருக்கும். எனவே காலையில் கடை திறந்ததும், திரையில் இருக்கும் கடைசி பில் எண்ணைத் தாளில் அடித்த பில்லோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முதல் பில்லைப் போடுங்கள்.