வெஸ்டர்ன் படத்தில் வரும் துப்பாக்கி கதைக்காலத்துக்குப் பொருந்துகிறதா? பார்த்தே கண்டுபிடிக்கும் முறை

கதை 1862-இல் நடக்கும். நாயகன் இடுப்பில் தொங்குவதோ 1870-களின் துப்பாக்கி. இதைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்லி அவர் படத்தைக் கெடுக்கும் ஆசை உள்ளவர்களுக்காக இந்தப் பதிவு. நிஜத் துப்பாக்கியைத் தொட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை, நான்கைந்து இடங்களில் கண்ணை வைக்கப் பழகினால் போதும். ரிவால்வர் (சுழலும் உருளை உள்ள கைத்துப்பாக்கி) எது, லீவர் ரைஃபிள் (விசையைச் சுற்றியுள்ள லீவரை இறக்கி ஏற்றித் தோட்டாவை ஏற்றும் நீளத் துப்பாக்கி) எது என்ற அரிச்சுவடி, டெக்ஸ் வில்லர், கேப்டன் டைகர் காமிக்ஸைத் தமிழில் படித்து வளர்ந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

வேலையைத் தொடங்குமுன் ஒரு நல்ல பிளேயர் வேண்டும். துப்பாக்கி தெளிவாகத் தெரியும் நேரம் கால் வினாடிதான் இருக்கும். விஎல்சியில் 'இ' கீயைத் தட்டினால் ஒவ்வொரு ஃப்ரேமாக முன்னால் போகும். ஆனால் தவறவிட்டால் அதே மாதிரி பின்னால் வர வழியில்லாமல் மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கும், எரிச்சல். எம்பிவி பிளேயரில் புள்ளி கீ முன்னே, கமா கீ பின்னே. நான் அதைத்தான் வைத்திருக்கிறேன். யூடியூபிலும் வீடியோவை நிறுத்திவிட்டு இதே இரண்டு கீக்களைப் பயன்படுத்தலாம்.

படி 1: கதையின் வருடத்தைப் பிடியுங்கள்

சில படங்கள் எழுத்திலேயே போட்டுவிடும். போடாவிட்டால் சம்பவங்களைப் பாருங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் என்றால் 1861 முதல் 1865 வரை. கிழக்கையும் மேற்கையும் இணைத்த ரயில் பாதை முடிந்தது 1869 மே மாதம். ராணுவ அதிகாரி கஸ்டர் இறந்தது 1876. அப்பாச்சித் தலைவர் ஜெரோனிமோ கடைசியாகச் சரணடைந்தது 1886. இதில் ஒன்று கிடைத்தாலே மேல் எல்லையோ கீழ் எல்லையோ கைக்கு வந்துவிடும்.

படி 2: படம் இடவலம் மாறியிருக்கிறதா?

பழைய புகைப்படங்களையும் போஸ்டர்களையும் வைத்து ஆராய்பவர்கள் இதை முதலில் செய்துவிட வேண்டும். கொள்ளைக்காரன் பில்லி த கிட்டின் புகழ்பெற்ற படம் இரும்புத் தகட்டில் எடுத்தது. அந்த முறையில் உருவம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறித்தான் பதியும். அதில் ரிவால்வர் இடப்பக்கம் தெரியப் போய், அவன் இடதுகைக்காரன் என்ற கதை பரவியது. 1958-இல் பால் நியூமன் நடித்த படத்தின் பெயரே 'த லெஃப்ட் ஹேண்டட் கன்'. ஆனால் அதே புகைப்படத்தில் அவன் பிடித்திருக்கும் வின்செஸ்டர் 1873 ரைஃபிளைப் பாருங்கள். தோட்டாவை உள்ளே தள்ளும் வாய் இடப்பக்கம் இருக்கிறது. வின்செஸ்டர் கம்பெனி அதை வலப்பக்கம்தான் வைத்தது. படத்தைத் திருப்பிப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும், பில்லியும் வலதுகைக்காரன் ஆகிவிடுவான்.

படி 3: ரிவால்வரின் முதுகைப் பாருங்கள்

சிலிண்டருக்கு (குண்டுகளை வைக்கும் சுழலும் உருளை) மேலே இரும்புப் பட்டை ஓடுகிறதா, இல்லை சிலிண்டர் மேல்பக்கம் திறந்து கிடக்கிறதா? திறந்து கிடந்தால் அது பெரும்பாலும் கோல்ட் கம்பெனியின் பழைய ரிவால்வர். எட்டுப் பட்டைக் குழல் இருந்தால் .36 அளவுள்ள (குழல் துவாரத்தின் அகலம், அங்குலக் கணக்கில்) 1851 நேவி, உருண்டைக் குழலும் சற்றுப் பருத்த உடம்பும் இருந்தால் .44 அளவுள்ள 1860 ஆர்மி. இரண்டிலும் குழலுக்கு அடியில் ஒரு கனத்த நெம்புகோல் மடங்கியிருக்கும். சிலிண்டரின் முன்பக்கமாக மருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை வைத்து, அதைக் கெட்டிப்பதற்கான நெம்புகோல் அது.

மேலே பட்டையும் குழலுக்கு அடியில் வலப்பக்கம் ஒதுங்கிய ஒல்லிக் குழாயும் இருந்தால் அது 1873-இல் வந்த கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி, செல்லமாகப் பீஸ்மேக்கர். அந்தக் குழாய்க்குள் இருக்கும் கம்பிதான் சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டை வெளியே தள்ளும். ராணுவத்துக்குக் கொடுத்ததன் குழல் ஏழரை அங்குலம். சினிமாக்காரர்களுக்குப் பிடித்தது நாலே முக்கால் அங்குலக் குட்டைக் குழல், உறையிலிருந்து சட்டென்று உருவலாம் அல்லவா.

ஒரு விதிவிலக்கு உண்டு. 1858 என்று எல்லோரும் அழைக்கும் ரெமிங்டனுக்கும் மேலே பட்டை இருக்கும், ஆனால் அது மருந்து கெட்டிக்கும் பழைய வகை. அடியில் உள்ள நெம்புகோலில் முக்கோணத் தகடு மாதிரி ஒரு சதை இருக்கும். அதைப் பார்த்துவிட்டால் குழப்பம் இல்லை.

படி 4: சிலிண்டரின் பின்பக்கம்

வருடத்தைத் தீர்மானிக்கும் இடம் இதுதான். பழைய வகையில் சிலிண்டரின் பின்னால் குட்டிக் குட்டி முலைகள் தெரியும், அவற்றின் மேல் செம்பு மூடிகள் (சுத்தியல் அடித்ததும் வெடித்து மருந்தைப் பற்றவைப்பவை). குண்டும் மருந்தும் ஒரே கூட்டுக்குள் இருக்கும் தோட்டா வகையில் பித்தளை வட்டங்களின் விளிம்பு தெரியும்.

இதற்குப் பின்னால் ஒரு காப்புரிமைக் கதை இருக்கிறது. பின்னாலிருந்து தோட்டா நுழையும்படி சிலிண்டரை முழுக்கத் துளைக்கும் முறைக்கு ரோலின் வைட் என்பவர் 1855-இல் உரிமை வாங்கினார். அதை ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி எடுத்துக்கொண்டு, துப்பாக்கி ஒன்றுக்கு 25 சென்ட் அவருக்குக் கொடுத்தது. உரிமை 1869 வரை நீடித்தது. அதுவரை கோல்ட் கம்பெனி கையைக் கட்டிக்கொண்டு மருந்தும் குண்டுமாகத்தான் ஓட்டியது. பழைய ரிவால்வர்களைத் தோட்டாவுக்கு மாற்றிக் கோல்ட் விற்க ஆரம்பித்தது 1870-களில்.

இப்போது 'த குட், த பேட் அண்ட் த அக்லி' படத்தை ஓட்டுங்கள். பின்னணி 1862-இல் நியூ மெக்சிகோவில் நடந்த போர். கிளின்ட் ஈஸ்ட்வுட் கையில் பாம்பு பதித்த பிடியுடன் 1851 நேவி. வருடம் சரி, துப்பாக்கியும் சரி. ஆனால் அது தோட்டாவுக்கு மாற்றிய நேவி, இடுப்புப் பெல்ட்டிலும் வரிசையாகத் தோட்டாக்கள். கிட்டத்தட்ட பத்து வருடம் முந்திக்கொண்டு வந்துவிட்டது.

இத்தாலியர்கள் எடுத்த இதுபோன்ற வெஸ்டர்ன்களில் நேவி எங்கே பார்த்தாலும் தென்படுவதற்குக் காரணம் வரலாற்றுப் பற்று அல்ல. உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு நெருங்கியபோது அமெரிக்காவில் பழைய துப்பாக்கி நகல்களுக்குத் தேவை கிளம்பியது. இத்தாலியில் பிரெஷியாவுக்குப் பக்கத்தில் கார்டோனே வால் ட்ரோம்பியா என்ற ஊர் காலங்காலமாகத் துப்பாக்கி செய்யும் ஊர். அங்கே 1959-இல் ஆல்டோ உபெர்ட்டி தொடங்கிய பட்டறையின் முதல் சரக்கு இந்த நேவி நகல். சில வருடத்தில் ரோமில் கௌபாய் படங்கள் எடுக்க ஆரம்பித்தபோது கைக்கெட்டும் தூரத்தில் அதுதான் கிடைத்தது.

படி 5: ரைஃபிள் (இங்கே நிதானமாக)

பித்தளை நிற உடம்பு (குழலுக்கும் மரக்கட்டைக்கும் நடுவில் உள்ள உலோகப் பகுதி), குழலுக்கு அடியில் மரமே இல்லை என்றால் ஹென்றி, 1860. பித்தளை நிற உடம்பு, அடியில் மரம், வலப்பக்கம் தோட்டா வாய் என்றால் வின்செஸ்டர் 1866. இவை எளிது. எல்லோரையும் கவிழ்ப்பது 1873-க்கும் 1892-க்கும் உள்ள வித்தியாசம். என்னையும் நன்றாகவே அலைக்கழித்தது. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே அச்சு. 'வின்செஸ்டர்' என்று கேட்டதுமே 1873 என்று எழுதிவிடத் தோன்றும். எழுதாதீர்கள். பழைய ஹாலிவுட் படமென்றால் அது 1892 ஆக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பார்க்க வேண்டியவை மூன்று. ஒன்று, உடம்பின் பக்கவாட்டு. 1873-இல் தனியாகக் கழற்றும் பெரிய மூடித் தகடு ஒன்று உண்டு, அதன் விளிம்புக் கோடு வெளிச்சம் பட்டால் தெரியும். 1892-இன் பக்கம் வழவழவென்று ஒரே பரப்பு. இரண்டு, மேல்பக்கம். 1873-இல் தூசி மூடி ஒன்று தண்டவாளத்தில் ஓடுவதுபோல் முன்னும் பின்னும் நகரும். மூன்றாவதுதான் என் நம்பிக்கைக்குரியது: லீவரை முழுதாக இறக்கிய அந்த ஒரு ஃப்ரேமில் நிறுத்துங்கள். சுத்தியலுக்கு மேலே பின்பக்கமாக ஒல்லியான உருண்டைக் கம்பி நீட்டிக்கொண்டு வந்தால் 1873. பட்டையான கனத்த இரும்புக் கட்டை வந்தால் 1892. இருட்டுக் காட்சியில்கூட இது ஏமாற்றாது.

'ஸ்டேஜ்கோச்' (1939) படத்தில் ஜான் வெய்ன் பெரிய வளைய லீவரோடு சுழற்றிக் காட்டுவாரே, அது 1892. கதையிலோ ஜெரோனிமோ இன்னும் போரிட்டுக்கொண்டிருக்கிறார், ஆக 1886-க்கு முன். 'த ரைஃபிள்மேன்' தொலைக்காட்சித் தொடரிலும் இதே சங்கதி: 1880-களின் கதை, சக் கானர்ஸ் கையில் 1892. லீவர் வளையத்தில் ஒரு திருகு வைத்திருப்பார்கள், லீவரை மூடும்போது அது விசையை அழுத்தித் தானாகச் சுட வைக்கும்.

ஏன் 1892? ஹாலிவுட்டில் துப்பாக்கிகள் ஸ்டெம்பிரிட்ஜ் போன்ற வாடகைக் கடைகளின் அலமாரியிலிருந்து வந்தவை. 1892 பத்து லட்சம் அளவுக்கு உற்பத்தியானது, கிடைப்பது சுலபம், உறுதியும் அதிகம். இதோடு 'ஃபைவ் இன் ஒன்' என்ற வெற்றுத் தோட்டாவும் (குண்டு இல்லாமல் மருந்து மட்டும் உள்ளது) சேர்ந்துகொண்டது. .38-40, .44-40, .45 கோல்ட் அளவு ரிவால்வர்கள் மூன்றிலும், .38-40, .44-40 அளவு ரைஃபிள்கள் இரண்டிலும் ஒரே தோட்டா நுழையும். படப்பிடிப்பில் ஒரு பெட்டித் தோட்டாவைத் திறந்து வைத்துவிட்டால் நாயகன் ரிவால்வருக்கும் ஆச்சு, வில்லன் ரைஃபிளுக்கும் ஆச்சு. பாலைவன வெயிலில் இருபது குதிரைகளோடு நிற்பவரிடம் போய் '1873-தான் வேண்டும்' என்று யார் அடம்பிடிப்பது?

படி 6: புகையும் பெல்ட்டும்

புகை கக்கும் கறுப்பு வெடிமருந்துதான் அந்தக் காலத்தில். புகையில்லா மருந்தை பிரான்ஸில் 1884-இல் கண்டுபிடித்தார்கள், அமெரிக்க வேட்டை ரைஃபிள்களுக்கு அது வந்தது 1890-களில். அதனால் 1870-களின் சாராயக் கடைக்குள் ஆறு முறை சுட்டால் எதிராளி முகமே தெரியாதபடி வெள்ளைப் புகை அடைத்திருக்கும். படங்களில் சன்னமாக ஒரு கீற்று வரும். கேமராவுக்கு நாயகன் முகம் வேண்டுமே.

தொடைவரை தொங்கி, பெல்ட்டின் கீறலுக்குள் நுழைந்து, காலோடு கட்டிய உறை கண்ணில் பட்டால் அது இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு, சினிமாவால் பரவியது. நிஜமானவர்கள் இடுப்போடு ஒட்டி உயரமாகக் கட்டினார்கள். இந்தத் தவறு இல்லாத பழைய படத்தைத் தேடுவது கஷ்டம், நான் இதற்கு மதிப்பெண் குறைப்பதை நிறுத்திவிட்டேன்.

பின்சேர்க்கை 1: '1869-க்கு முன் தோட்டா ரிவால்வரே கிடையாதா?' என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். உண்டு. உரிமை வைத்திருந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1857-இலேயே .22 அளவில் சின்ன ரிவால்வரும், 1861-இல் .32 அளவும் விற்றது. போர்க்காலக் கதையில் அதிகாரி ஒருவர் சட்டைப்பையிலிருந்து அப்படிக் குட்டியாக ஒன்றை எடுத்தால் சரிதான். ரெமிங்டன் 1868-இல் பணம் கட்டி அனுமதி வாங்கித் தன் பெரிய ரிவால்வர்கள் சிலவற்றை மாற்றியது. கோல்ட் பெயர் இருந்தால் மட்டும் 1870-களுக்கு முன் நம்பாதீர்கள்.

பின்சேர்க்கை 2: 'பித்தளை உடம்பு, மரம் இல்லை, ஆனாலும் ஹென்றி மாதிரி தெரியவில்லை' என்று ஸ்க்ரீன்ஷாட் வந்தது. 1892-இன் முன் மரத்தைக் கழற்றிவிட்டு, உடம்புக்குத் தங்க நிறம் அடித்து ஹென்றி வேடம் போடுவது ஹாலிவுட்டின் பழைய தந்திரம். வலப்பக்கம் தோட்டா வாய் இருக்கிறதா பாருங்கள். ஹென்றிக்கு அது கிடையாது, குழலுக்கு அடியில் உள்ள குழாயின் முன்முனையைத் திறந்துதான் தோட்டா போட வேண்டும்.

பின்சேர்க்கை 3: குறும்படம் எடுப்பவர்கள் இரண்டு மூன்று பேர் 'வெற்றுத் தோட்டா ஆபத்தில்லையே?' என்று கேட்டிருந்தார்கள். ஆபத்து. குண்டு இல்லாவிட்டாலும் சூடான வாயுவும் அடைப்பானும் வேகமாக வெளியே வரும். 1984-இல் ஜான் எரிக் ஹெக்ஸம் என்ற நடிகர் விளையாட்டாக நெற்றிப்பொட்டில் வைத்துச் சுட்டு, அதனாலேயே இறந்தார். மருந்தே இல்லாத பொம்மைத் தோட்டா வேறு வகை. குளோசப்பில் காட்டுவதற்காகக் குண்டோடு இருக்கும். உள்ளே சின்ன இரும்பு மணிகள் போட்டிருப்பார்கள், காதருகே ஆட்டினால் கலகலக்கும், அல்லது பக்கத்தில் ஒரு துளை இருக்கும். 2021 அக்டோபரில் நியூ மெக்சிகோவில் 'ரஸ்ட்' படப்பிடிப்பில் பொம்மைத் தோட்டாக்களுக்கு நடுவே நிஜத் தோட்டா கலந்துவிட்டது. ஒளிப்பதிவாளர் ஹலீனா ஹச்சின்ஸ் இறந்தார். துப்பாக்கி, இத்தாலியில் செய்த பீஸ்மேக்கர் நகல். ஆயுதப் பொறுப்பாளருக்கு 2024-இல் 18 மாதச் சிறை. உங்கள் குறும்படத்துக்கு மரத்திலோ ரப்பரிலோ செய்ததை வைத்துக்கொண்டு, நெருப்பையும் புகையையும் கணினியில் சேருங்கள்.

பின்சேர்க்கை 4: 'த வைல்ட் பன்ச்' என்ற வெஸ்டர்ன் படம் பற்றி நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். கதை 1913. கோல்ட் 1911 பிஸ்டல் வருடப்படி பொருந்தும். ஆனால் திரையில் இருப்பவை பெரும்பாலும் ஸ்பெயின் நாட்டு ஸ்டார் பி ரகம். .45 அளவு வெற்றுத் தோட்டாவில் தானியங்கி பிஸ்டல் ஒழுங்காக ஓடவில்லை, 9 மில்லிமீட்டரில் ஓடியது, அவ்வளவுதான். கடைசிச் சண்டையில் வரும் தண்ணீரால் குளிரூட்டும் இயந்திரத் துப்பாக்கி பிரௌனிங் 1917, நான்கு வருடம் முந்தி வந்தது.