வாழ்நாள் கற்றல் கொள்கை ஆவணம் ஒன்றை மதிப்பிடுவது எப்படி?

வாழ்நாள் கற்றல் குறித்து ஓர் அரசோ பன்னாட்டு அமைப்போ வெளியிட்ட ஆவணத்தை மதிப்பிட வேண்டிய கல்வியியல் மாணவரும் கொள்கை வரைவோரும் அதன் முன்னுரையில் நெடுநேரம் தங்க வேண்டியதில்லை. எல்லாருக்கும், எல்லா வயதிலும் கல்வி என்ற உறுதிமொழி ஏறக்குறைய எல்லா ஆவணங்களிலும் உண்டு. வேலையும் குடும்பப் பொறுப்பும் உள்ள ஒருவருக்குப் படிக்க நேரம் யார் தருகிறார்கள், செலவை யார் ஏற்கிறார்கள், அவர் கற்றதற்கு யார் மதிப்பளிக்கிறார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் ஆவணம் தரும் விடையே அதன் உண்மையான இயல்பைக் காட்டும்.

முதலில், ஆவணம் எந்தச் சிந்தனை மரபைச் சார்ந்தது என்று பாருங்கள். பிரான்சின் முன்னாள் பிரதமர் எட்கர் ஃபோர் தலைமையிலான ஆணையம் 1972-இல், ஐ.நா.வின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பான யுனெஸ்கோவுக்கு அளித்த அறிக்கையும், அறியக் கற்றல், செயலாற்றக் கற்றல், சேர்ந்து வாழக் கற்றல், தன் ஆளுமையுடன் வாழக் கற்றல் என்ற நான்கு தூண்களை முன்வைத்து, ழாக் தெலோர் தலைமையிலான ஆணையம் 1996-இல் அதே அமைப்புக்கு அளித்த அறிக்கையும் மனிதரின் முழு வளர்ச்சியை மையமாகக் கொண்டவை. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு (OECD) 1973-இல் முன்வைத்த மாதிரியோ, படிப்பை இளமையிலேயே முடித்துவிடாமல், வேலையும் படிப்பும் வாழ்நாள் நெடுகிலும் மாறி மாறி வரும்படி பிரித்தளிக்கக் கோரியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தின் 2000-ஆம் ஆண்டுக் குறிப்பாவணம் குடியுரிமை, வேலைவாய்ப்பு என இரு நோக்கங்களையும் ஒருசேர அறிவித்தது. பிற்கால ஆவணங்கள் பெரும்பாலும் இவற்றின் கலவையே என்பதால், எந்த மரபின் சொற்கள் முன்னுரையில் இருக்கின்றன, எதன் திட்டங்களுக்கு நிதி ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று தனித்தனியே குறித்துக்கொள்வது நல்லது.

நேரம் பற்றிய பகுதி பல ஆவணங்களில் இருப்பதே இல்லை. சம்பளத்துடன் கூடிய கல்வி விடுப்புக்காகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1974-இலேயே 140-ஆம் உடன்படிக்கையை ஏற்றிருக்கிறது. எனவே, விடுப்பு பற்றிப் பேசாத ஆவணம், ஓய்வு நேரம் உள்ளவர்களை மட்டுமே மனத்தில் கொண்டு எழுதப்பட்டது என்று ஐயுறுவதில் தவறில்லை.

பணம் பற்றிய பகுதியைத்தான் மிகக் கவனமாகப் படிக்க வேண்டும். கல்வி நிறுவனத்துக்கு மானியம் தருவது ஒரு வழி. கற்பவர் பெயரில் கணக்குத் தொடங்கி அதில் தொகை வைப்பது மற்றொரு வழி. பிரான்சில் 2019 முதல் தனிநபர் பயிற்சிக் கணக்கு யூரோவில் கணக்கிடப்படுகிறது. குறைந்தது பாதி நேரம் பணிபுரிபவருக்கு ஆண்டுக்கு 500 யூரோ வீதம் 5,000 வரையும், கல்வித் தகுதி குறைந்தவருக்கு 800 வீதம் 8,000 வரையும் அதில் சேரும். வேலை மாறினாலும் கணக்கு அவருடனேயே செல்லும். குறைவாகப் படித்தவருக்குக் கூடுதலாகத் தரும் இந்த ஏற்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன். ஏனெனில் முதிர்ந்தோர் கல்வியில் ஏற்கெனவே நிறையப் படித்தவர்களே அதிகம் சேர்கிறார்கள், எல்லாருக்கும் சமமாகத் தருவது அந்த இடைவெளியை நீட்டிக்கவே செய்யும். கணக்கு இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இங்கிலாந்து சான்று. அங்கு 2000-இல் தொடங்கிய கற்றல் கணக்குத் திட்டத்தில் பயிற்சி தருவோரின் தரத்தைச் சரிபார்க்கப் போதிய ஏற்பாடு இல்லாததால் மோசடி பெருகி, 2001 நவம்பரில் திட்டமே மூடப்பட்டது. ஆகவே தொகையைப் பார்த்த கையோடு, பயிற்சி நிறுவனத்தை யார் பதிவு செய்கிறார்கள், யார் தணிக்கை செய்கிறார்கள் என்ற விதிகளையும் தேடிப் படியுங்கள்.

அடுத்து, கற்றதற்கான அங்கீகாரம். பள்ளி, கல்லூரி சார்ந்த முறைசார் கல்வி, அவற்றுக்கு வெளியே திட்டமிட்டு நடக்கும் முறைசாராக் கல்வி, வேலையிலும் வீட்டிலும் இயல்பாக நிகழும் கற்றல் என்ற மூன்றையும் பெயரளவில் குறிப்பிடுவது எளிது. பின்னிரண்டையும் சான்றிதழாக மாற்றும் வழி இருக்கிறதா என்பதே கேள்வி. தென் கொரியாவில் 1998 முதல் செயல்படும் கல்வி மதிப்பலகு வங்கியில், வெவ்வேறு இடங்களில் படித்ததற்குப் பெற்ற மதிப்பலகுகளை (கிரெடிட்) சேமித்து, 140 சேர்ந்ததும் உரிய நிபந்தனைகளுடன் இளநிலைப் பட்டம் பெறலாம். கல்வித் தகுதிகளை எட்டு நிலைகளில் வரிசைப்படுத்தும் ஐரோப்பியத் தகுதிச் சட்டகம் நாடுகளின் சான்றிதழ்களை ஒப்பிட உதவுகிறது. அது தானாக யாருக்கும் சான்றிதழ் வழங்குவதில்லை.

இறுதியாக, இலக்கு எண்களைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2020-க்குள் முதிர்ந்தோரில் 15 விழுக்காட்டினர் கற்றலில் பங்கேற்க வேண்டும் என இலக்கு வைத்து, அதை எட்டவில்லை. 2030-க்கான இலக்கோ 60 விழுக்காடு. லட்சியம் நான்கு மடங்கானது போலத் தோன்றினாலும், முதல் அளவீடு கணக்கெடுப்புக்கு முந்தைய நான்கு வாரங்களைக் கேட்டது, இரண்டாவது முந்தைய பன்னிரண்டு மாதங்களைக் கேட்கிறது. எனவே, இரு நாடுகளின் விழுக்காடுகளை அருகருகே வைக்கும் முன், எத்தனை காலப் பங்கேற்பைக் கேட்டார்கள், எந்த வயதினரைக் கேட்டார்கள், பணியிடத்தில் பெற்ற பயிற்சியைச் சேர்த்தார்களா என்பதை அடிக்குறிப்பில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.