முதல் ராப் பீட்: பூம்-பாப்பில் தொடங்குங்கள்

ராப் பீட், அதாவது ராப் பாடலுக்கு அடியில் ஓடும் தாள இசை, உருவாக்கப் பழகுகிறவர்கள் பலர் நேராக, ஹை-ஹேட் வேகமாக உருளும் டிராப் பாணிக்குப் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் பூம்-பாப் பழகுங்கள் என்பேன். கிக்கின் 'பூம்', ஸ்னேரின் 'பாப்' என்ற அடிகளால் பெயர் பெற்ற பழைய ஹிப்-ஹாப் பாணி அது. கிக் (கனமான பெரிய டிரம்), ஸ்னேர் (கூர்மையாக வெடிக்கும் டிரம்), ஹை-ஹேட் (ஜால்ரா போன்ற ஜோடித் தட்டு) என்ற மூன்றே ஒலிகளில் ஒரு தாளத்தை உயிரோடு ஓடவைக்கக் கற்றுக்கொண்டால், மற்ற பாணிகளெல்லாம் எளிதில் பிடிபடும்.

1973-இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் விருந்துகளுக்கு இசைத்தட்டு சுழற்றத் தொடங்கிய டிஜே கூல் ஹெர்க் ஒன்றைக் கவனித்தார். பாட்டு நின்று டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளுக்காகவே கூட்டம் காத்திருந்தது. ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை மாற்றி மாற்றி ஓட்டி, அந்த நொடிகளை அவர் நீட்டினார். இன்று நாம் போடும் லூப், அதாவது ஒரு துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிடுவது, அந்த வேலைதான்.

படி 1: களம்

பேண்ட்லேப் போன்ற இலவசச் செயலி போதும், கைபேசியிலேயே ஓடும். ஹெட்போன் அவசியம். கைபேசியின் ஸ்பீக்கரில் கிக்கின் அடி ஒலி கேட்கவே கேட்காது. வேகத்தை 90 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 90 தாள அடி, என்று வையுங்கள்.

படி 2: ஒலிகள்

குறுகிய, சற்றுக் கரகரப்பான டிரம் ஒலிகளைத் தேடுங்கள். இந்தக் கரகரப்புக்கு ஒரு காரணம் உண்டு. 1987-இல் வந்த, ஒலித்துண்டுகளைப் பதிந்து தாளமாக அடுக்கும் எஸ்பி-1200 கருவி மொத்தமே சுமார் 10 நொடி ஒலியைத்தான் பதிந்துகொள்ளும். இடத்தை மிச்சப்படுத்த, நிமிடத்துக்கு 33 சுழற்சியில் ஓட வேண்டிய இசைத்தட்டை 45-இல் வேகமாக ஓட்டிப் பதிந்து, கருவிக்குள் மறுபடி வேகத்தைக் குறைத்தார்கள். அதில் வந்த சொரசொரப்பு ஒரு காலகட்டத்தின் குரலாகவே ஆகிவிட்டது.

படி 3: பதினாறு கட்டங்கள்

திரையில் ஒரு பாருக்கு, அதாவது நான்கு தாள அடி கொண்ட ஒரு சுற்றுக்கு, பதினாறு கட்டங்கள் இருக்கும். 'தகதிமி' என்று நான்கு முறை சொல்லுங்கள்; ஒவ்வோர் எழுத்தும் ஒரு கட்டம்.

ஸ்னேர்: 5, 13. இரண்டாவது, நான்காவது தகதிமிகளின் 'த'. இதை நகர்த்தவே வேண்டாம்.
கிக்: 1, 8, 11.
ஹை-ஹேட்: 1, 3, 5 என்று ஒற்றைப்படைக் கட்டங்கள் எல்லாம்.

ஓடவிட்டுக் கேளுங்கள். தாளம் சரியாக இருக்கும், ஆனால் விறைப்பாக இருக்கும். தலை தானாக அசையாது.

படி 4: ஸ்விங்

பீட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அவசரப்படாமல் நில்லுங்கள். ரோஜர் லின் வடிவமைத்து 1988-இல் வந்த, விரலால் தட்டித் தாளம் பதியும் அகாய் எம்பிசி60 கருவியை இசைத் தயாரிப்பாளர்கள் அவ்வளவு விரும்பியதற்கு அதன் ஸ்விங் முக்கியக் காரணம். ஸ்விங் இரட்டைப்படைக் கட்டங்களை மட்டும் சற்றுத் தாமதிக்கவைக்கும். 50 சதவீதம் என்றால் தாமதமே இல்லை. 58-இல் வைத்தால், 90 பிபிஎம் வேகத்தில் அந்த அடி ஏறத்தாழ 27 மில்லிநொடி பிந்தி விழும். கணக்கில் அற்பம், காதுக்கு அது பெரிய வித்தியாசம்.

நம் தாளத்தில் இரட்டைப்படையில் இருப்பது எட்டாம் கட்டத்துக் கிக் ஒன்றுதான். ஸ்விங் நன்றாகத் தெரிய, 10, 16 ஆகிய கட்டங்களில் மிக மெல்லிய ஹை-ஹேட் சேருங்கள். பிறகு மற்ற ஹை-ஹேட்களின் அழுத்தத்தையும் ஒன்றுவிட்டு ஒன்று குறையுங்கள். ஒரே அழுத்தத்தில் எட்டு அடி விழுந்தால் அது இயந்திரம் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

டெட்ராய்டைச் சேர்ந்த ஹிப்-ஹாப் தயாரிப்பாளர் ஜே டில்லா, அடிகளைக் கட்டங்களோடு ஒட்டவைக்கும் குவான்டைஸ் வசதியைப் பலமுறை ஒதுக்கிவிட்டு, விரலாலேயே தட்டிப் பதிந்தார். அவருடைய எம்பிசி இன்று வாஷிங்டனில் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

படி 5: பாஸும் மெட்டும்

கிக் விழும் இடங்களில் மட்டும் பாஸ், அதாவது தாழ்ந்த சுரங்கள், வாசியுங்கள். இரண்டு சுரங்கள் போதும். மேலே பியானோவில் நான்கு சுரங்களில் ஒரு சிறு மெட்டு. பழைய பாட்டிலிருந்து வெட்டி ஒட்ட ஆசை வரும். வெளியிடுவதாக இருந்தால் அனுமதி வேண்டும். ராப் பாடகர் பிஸ் மார்க்கி அனுமதியின்றிப் பழைய பாட்டை எடுத்தாண்ட ஆல்பம் குறித்து 1991-இல் வந்த நியூயார்க் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு இதில் விளையாட முடியாது. நீங்களே வாசியுங்கள்.

படி 6: குரலுக்கு இடம்

நான்கு பார்களாக நகலெடுத்து, நான்காவது பாரின் 11-ஆம் கட்டத்துக் கிக்கை எடுத்துவிடுங்கள். அந்த வெற்றிடத்தில் ராப் பாடுகிறவர் மூச்சு வாங்குவார். மெட்டு அவருடைய குரலோடு மோதினால் குறைக்க வேண்டியது மெட்டைத்தான்.

அடுத்து டிராப் பழகலாம். வேகம் 140, ஸ்னேர் 9-ஆம் கட்டத்தில் மட்டும், ஹை-ஹேட் இடையிடையே இரட்டிப்பாகவும் மும்மடங்காகவும் உருள வேண்டும். பாஸுக்கு, 1980-இல் வந்த ரோலண்ட் டிஆர்-808 என்ற டிரம் இயந்திரத்தின் நீண்ட கிக் ஒலியையே சுரம் மாற்றி வாசிப்பார்கள். அதையும் ஹெட்போனிலேயே கேட்டுப் பழகுங்கள்.