சர்விஸ் நிலையம் எட்டாத மலையில் மின்சாரக் கார்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால், ரம்பொடை வழியாகக் கண்டிக்கு இறங்கும் நாளில் பற்றரியை 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பாதீர்கள். நிரம்பிய பற்றரி, இறக்கத்தில் மோட்டார் திருப்பி அனுப்பும் மின்சாரத்தை ஏற்காது என்பதால், வண்டியைப் பிடித்து நிறுத்தும் சுமை முழுவதும் சாதாரண பிரேக்கின் மீதே விழும்.

வீட்டுச் சார்ஜருக்குத் தனி வயரும் ஏர்த் தொடர்பும் கட்டாயம் வேண்டும். பழைய தோட்ட வீடுகளின் மெல்லிய வயர்களை நான் ஒருபோதும் நம்பமாட்டேன்.

என்னைத் தவிக்கவிட்டது பெரிய பற்றரி அன்று, வண்டியின் மின்னணுக் கருவிகளை விழிக்கச் செய்யும் சிறிய 12 வோல்ட் பற்றரிதான். பனி மூடிய ஒரு காலையில், பெரிய பற்றரியில் 70 சதவீதச் சார்ஜ் இருந்தும் வண்டி உயிர்பெறவில்லை. மூடியைத் திறந்து பார்த்தபோது, அந்தச் சிறிய பற்றரியின் முனையில் பச்சை நிறத்தில் களிம்பு படர்ந்திருந்தது. இதை அருகிலுள்ள கராஜிலேயே மாற்றிவிடலாம் ஆகையால், வோல்ட்டை அளக்கும் ஒரு மல்ட்டிமீற்றர் வாங்கி, வண்டி ஓய்ந்திருக்கும்போது மாதமொருமுறை அளந்து பாருங்கள், தொடர்ந்து 12.4 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் புதியதற்கு ஆயத்தமாகுங்கள்.

வண்டிக்குள் இருக்கும் செம்மஞ்சள் நிறக் கேபிள்களில் உயிர் பறிக்கும் மின்னழுத்தம் உண்டு. பயிற்சி பெறாத எவரையும் அவற்றில் கைவைக்க விடாதீர்கள். வண்டி வழியில் நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்காமல், லொறியில் ஏற்றியே கொண்டு செல்லுங்கள்.