உங்கள் அணி ஏன் கோல் அடிக்கவில்லை? தொடக்கநிலை ரசிகருக்கான ஆய்வு முறை

ஒரு கால்பந்து அணி தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் கோல் அடிக்காமல் திரும்பினால், அதன் ரசிகர்கள் இரண்டு கட்சிகளாகப் பிரிந்துவிடுகிறார்கள். கோல் அடிப்பதையே முதன்மைப் பணியாகக் கொண்ட ஸ்ட்ரைக்கருக்குக் குறி தவறிக்கொண்டே இருக்கிறது என்பது ஒரு கட்சி. பயிற்சியாளரின் வியூகமே அணியை முடக்குகிறது என்பது மற்றொரு கட்சி. இரு தரப்பிலும் அணியின் மீது உண்மையான பற்றுள்ளவர்களே இருக்கிறார்கள். ஆனாலும் பெரும்பாலான வாதங்கள் கடைசியாகப் பார்த்த ஆட்டத்தின் ஒன்றிரண்டு காட்சிகளில் தொடங்கி அவற்றிலேயே முடிந்துவிடுகின்றன. வாய்ப்புகளே உருவாகவில்லையா, உருவான வாய்ப்புகள் வீணாகின்றனவா என்ற கேள்விக்கு விடை தெரியாதவரை, யாரை நீக்க வேண்டும் என்ற பேச்சுக்குப் பொருளே இல்லை என்பது என் உறுதியான கருத்து. அந்த விடையைக் காகிதம், பேனா, ஆட்டங்களின் முழுப் பதிவு ஆகிய மூன்றை மட்டும் கொண்டு நீங்களே கண்டறியும் முறையை இங்கே விளக்குகிறேன். கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும்.

படி 1: பத்து ஆட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள்

கால்பந்தில் கோல் என்பது அரிதாக நிகழ்வது. இங்கிலாந்து பிரீமியர் லீக்கில், 38 ஆட்டங்கள் கொண்ட பருவங்களிலேயே மிக அதிகமான கோல்கள் விழுந்த 2023-24 பருவத்தில்கூட, 380 ஆட்டங்களில் 1,246 கோல்கள்தான் அடிக்கப்பட்டன. அதாவது ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக அடித்தது 1.64 கோல். ஆட்டத்துக்குச் சராசரியாக 1.3 கோல் அடிக்கும் ஒரு நடுத்தர அணியை எடுத்துக்கொண்டால், நிகழ்தகவுக் கணக்கின்படி ஏறத்தாழ நான்கில் ஓர் ஆட்டத்தில் அது கோல் இல்லாமலேயே திரும்பும். ஆகவே இரண்டு ஆட்டங்களில் கோல் இல்லை என்பதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

2022 உலகக் கோப்பையில் ஸ்பெயின் தன் முதல் ஆட்டத்தில் கோஸ்டாரிகாவுக்கு எதிராக 7 கோல்கள் அடித்தது. அதே அணி, அதே பயிற்சியாளர், இரண்டு வாரங்கள் கூட ஆகாத நிலையில் மொராக்கோவுக்கு எதிராக 120 நிமிடங்கள் ஆடி ஒரு கோலும் அடிக்கவில்லை. இந்த இரண்டில் எந்த ஆட்டத்தைத் தனியாகப் பார்த்தாலும் அந்த அணியைப் பற்றித் தவறான படமே கிடைக்கும்.

எனவே அண்மைய பத்து லீக் ஆட்டங்களையாவது எடுத்துக்கொள்ளுங்கள். நட்பு ஆட்டங்களை விட்டுவிடுங்கள். உங்கள் அணியில் ஒருவர் சிவப்பு அட்டை பெற்று வெளியேறியிருந்தால், அதற்குப் பிந்தைய நிமிடங்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: ஷாட் வரைபடம் ஒன்றை வரையுங்கள்

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு தாளில் எதிரணியின் பெனால்டி பாக்ஸை, அதாவது கோலுக்கு முன்னுள்ள செவ்வகப் பகுதியை, வரைந்துகொள்ளுங்கள். கோல் கம்பங்களுக்கு இடையே 7.32 மீட்டர், பெனால்டி புள்ளி 11 மீட்டர் தொலைவில், பாக்ஸின் விளிம்பு 16.5 மீட்டர் தொலைவில் என்ற அளவுகளை மனதில் வைத்து வரைந்தால், பின்னர் இடங்களைக் குறிப்பது எளிதாகும். உங்கள் அணி அடித்த ஒவ்வொரு ஷாட்டுக்கும் (கோலை நோக்கி அடித்த ஒவ்வோர் அடிக்கும்), அடித்த இடத்தில் ஒரு புள்ளி வைத்து, அதன் அருகில் மூன்று செய்திகளை எழுதுங்கள்: காலா தலையா, அடித்தவருக்கும் கோலுக்கும் இடையில் கோல்கீப்பரைத் தவிர எத்தனை பேர் நின்றார்கள், பந்து எவ்வாறு வந்தது.

இப்போது அந்த ஷாட்களுக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். வல்லுநர்கள் பயன்படுத்தும் எக்ஸ்ஜி என்னும் அளவு இதைத்தான் செய்கிறது: ஒரு ஷாட் கோலாவதற்கு எவ்வளவு வாய்ப்பு உண்டு என்பதை, அதைப் போன்ற ஆயிரக்கணக்கான பழைய ஷாட்களை வைத்து 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட ஓர் எண்ணாகக் கூறுகிறது. பெனால்டியின் மதிப்பு 0.75-ஐ ஒட்டியது, ஏனெனில் நான்கு பெனால்டிகளில் சுமார் மூன்று கோலாகின்றன. எல்லா ஷாட்களையும் சேர்த்துப் பார்த்தால் பத்தில் ஒன்றுதான் கோலாகிறது. பாக்ஸுக்கு வெளியிலிருந்து அடிப்பவை நூற்றில் மூன்று, நான்கு மட்டுமே வலைக்குள் செல்கின்றன.

கையால் கணக்கிடும் நமக்கு மூன்று தரங்கள் போதும். கோலுக்கு நேராக, நெருக்கத்தில், கோல்கீப்பர் மட்டுமே எதிரில் நிற்கும்போது காலால் அடித்த ஷாட்டுக்கு 0.35. பாக்ஸுக்குள்ளிருந்து, ஆனால் எதிரணியினர் மறித்து நிற்கும்போதோ, பக்கவாட்டுக் கோணத்திலிருந்தோ, தலையாலோ அடித்ததற்கு 0.10. பாக்ஸுக்கு வெளியிலிருந்து அடித்ததற்கு 0.03. பெனால்டிகளை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இவை தோராயமானவைதான் என்றாலும், பத்து ஆட்டங்களைக் கூட்டும்போது உண்மையான நிலவரத்தைக் காட்டப் போதுமானவை.

ஓர் எடுத்துக்காட்டு. 18 ஷாட்கள் அடித்த ஓர் அணியில் 12 வெளியிலிருந்து, 5 நடுத்தரமானவை, 1 மட்டும் தெளிவான வாய்ப்பு என்றால், மொத்த மதிப்பு 0.36 + 0.50 + 0.35 = 1.21. எட்டே ஷாட்கள் அடித்த மற்றோர் அணியில் 4 தெளிவான வாய்ப்புகள், 3 நடுத்தரமானவை, 1 வெளியிலிருந்து என்றால், மதிப்பு 1.40 + 0.30 + 0.03 = 1.73. தொலைக்காட்சித் திரையில் தோன்றும் ஷாட் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் முதல் அணியே ஆதிக்கம் செலுத்தியது என்று சொல்லிவிடுவார். பந்து 25 மீட்டரில் இருக்கும்போதே அரங்கமே சேர்ந்து ‘அடி, அடி’ என்று கத்துவது அணிக்கு உதவுவதில்லை என்று நான் நம்புவதற்கும் இந்தக் கணக்கே காரணம்.

படி 3: மதிப்பையும் கோலையும் ஒப்பிடுங்கள்

பத்து ஆட்டங்களின் மொத்த மதிப்பைக் கூட்டி, பெனால்டி நீங்கலாக அடித்த கோல்களுடன் ஒப்பிடுங்கள். மதிப்பு 14, கோல் 8 என்றால் வாய்ப்புகள் வருகின்றன, முடிக்கத்தான் முடியவில்லை. மதிப்பு 8, கோல் 8 என்றால் ஸ்ட்ரைக்கரைக் குறை சொல்வது நியாயமற்றது. அவருக்குக் கொடுத்ததை அவர் முடித்திருக்கிறார், கொடுத்ததுதான் போதவில்லை.

முதல் வகைக்குப் பிரைட்டன் அணி நல்ல எடுத்துக்காட்டு. கிரஹாம் பாட்டர் பயிற்சியாளராக இருந்த 2020-21 பிரீமியர் லீக் பருவத்தில் அந்த அணி 38 ஆட்டங்களில் 40 கோல்கள் அடித்து 16-ஆம் இடத்தில் முடித்தது. அதன் எக்ஸ்ஜி 50-ஐத் தாண்டியிருந்தது. நிர்வாகம் பயிற்சியாளரை மாற்றவில்லை. அடுத்த பருவத்தில் புள்ளிகள் 41-இலிருந்து 51-ஆக உயர்ந்து அணி 9-ஆம் இடத்துக்கு வந்தது. ஆனால் கோல் எண்ணிக்கை 42-ஆகத்தான் இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ரொபெர்தோ தெ செர்பி பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற 2022-23 பருவத்தில்தான் அது 72-ஆக உயர்ந்தது. பொறுமை காப்பது சரியான முடிவாக இருந்தாலும், அது மட்டுமே கோல்களைக் கொண்டுவந்துவிடவில்லை.

பயிற்சியாளரை மாற்றினாலே கோல் வந்துவிடும் என்பவர்கள் அதே 2022-23 பருவத்தின் செல்சி அணியைப் பார்க்க வேண்டும். பயிற்சியாளர் தாமஸ் துகெல் செப்டம்பரில் நீக்கப்பட்டார். பிரைட்டனிலிருந்து அழைத்து வரப்பட்ட பாட்டர் ஏப்ரலில் நீக்கப்பட்டார். எஞ்சிய ஆட்டங்களுக்கு ஃபிராங்க் லாம்பார்ட் வந்தார். பருவ முடிவில் 38 ஆட்டங்களில் 38 கோல்கள், 12-ஆம் இடம். லீக்கில் அதிக கோல் அடித்த அதன் வீரரான காய் ஹாவெர்ட்ஸ் அடித்தது 7. அடுத்த பருவத்தில் மௌரிசியோ பொச்செட்டினோவின் கீழ் அணி 77 கோல்கள் அடித்தது. அவற்றில் 22, புதிதாக வந்த கோல் பால்மர் (Cole Palmer) என்ற வீரர் ஒருவரே அடித்தவை. பயிற்சியாளரும் மாறினார், வீரர்களும் மாறினார்கள். இதில் எவ்வளவு யாரால் என்று பிரித்துப் பார்க்கத்தான் அடுத்த படி.

படி 4: தாக்குதல் எங்கே அறுபடுகிறது என்று பாருங்கள்

பயிற்சியாளரின் வியூகத்தை மதிப்பிடும் இடம் இதுதான். உங்கள் நேரத்தில் பெரும்பகுதியை இதற்கே ஒதுக்குங்கள். ஆட்டத்தை இரண்டாவது முறை பார்க்கும்போது பந்தைப் பின்தொடராமல், பந்து இல்லாத பத்து பேரைப் பாருங்கள். நேரலையில் இது இயலாது. அதனால்தான் பதிவு தேவைப்படுகிறது.

முதலில், பக்கவாட்டில் நிற்கும் வீரரின் காலுக்குப் பந்து வந்து, அவர் கிராஸ் செய்ய, அதாவது பந்தைப் பாக்ஸுக்குள் அனுப்ப, தயாராகும் நொடியில் காட்சியை நிறுத்துங்கள். பாக்ஸுக்குள் உங்கள் அணியினர் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணி எழுதுங்கள். பெரும்பாலான நேரங்களில் ஒருவரோ இருவரோதான் இருக்கிறார்கள் என்றால், அந்த ஸ்ட்ரைக்கர் மூன்று தற்காப்பு வீரர்களுக்கிடையில் தனியாக விடப்பட்டிருக்கிறார். பாக்ஸுக்குள் நான்கு பேர் இருந்தும் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள் என்றால் குறை வேறு: ஒருவர் அருகிலுள்ள கம்பத்துக்கும், ஒருவர் தொலைவிலுள்ள கம்பத்துக்கும் ஓட, ஒருவர் பெனால்டி புள்ளியருகே பின்தங்கி நிற்பதே எந்தத் தற்காப்பையும் குழப்பும்.

கிராஸ்களின் எண்ணிக்கையை நம்பாதீர்கள். 2014 பிப்ரவரியில் டேவிட் மோயஸ் பயிற்சியளித்த மான்செஸ்டர் யுனைடெட், அப்போது பட்டியலின் கடைசியில் இருந்த ஃபுல்ஹாமுக்கு எதிராகச் சொந்த மைதானத்தில் 81 கிராஸ்கள் போட்டது. ஆட்டம் 2-2 என முடிந்தது. உயரமான தற்காப்பு வீரர்கள் பந்து வரும் திசையை நோக்கி நின்றுகொண்டிருக்கும்போது, பக்கவாட்டிலிருந்து வரும் உயரமான பந்து அவர்களுக்கே வசதியானது. அதே பக்கவாட்டுத் தாக்குதல் வீரர் (விங்கர்) கோல் கோடு வரை சென்று, பந்தைத் தரையோடு பின்னோக்கித் தள்ளினால், தற்காப்பு வீரர்கள் தங்கள் கோலைப் பார்த்தபடி ஓடிக்கொண்டிருப்பார்கள். வந்து அடிப்பவரோ கோலைப் பார்த்தபடி வருவார். எனவே கிராஸ்களை எண்ணும்போது, உயரமாகப் போனவற்றையும் கோல் கோட்டிலிருந்து பின்னோக்கித் தள்ளியவற்றையும் தனித்தனியாக எண்ணுங்கள்.

அடுத்தது பாஸ்கள். மேலே சொன்ன மொராக்கோ ஆட்டத்தில் ஸ்பெயின் ஆயிரத்துக்கும் அதிகமான பாஸ்களை ஆடியது. ஆனால் மொராக்கோவின் நெருக்கமான தற்காப்பு வரிசைகளுக்கு முன்னாலேயே பந்து இடமும் வலமும் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் பின் நடந்த பெனால்டி சுற்றிலும் ஸ்பெயின் ஒரு கோலும் அடிக்காமல் 0-3 எனத் தோற்றது. உங்கள் அணியிலும் இதே நிலையா என்று அறிய, எதிரணியின் நடுக்கள வரிசைக்கும் பின்கள வரிசைக்கும் இடையிலுள்ள வெளிக்குள் ஒரு பாதியில் எத்தனை முறை பந்து சென்றது என்று எண்ணுங்கள். ஐந்துக்கும் குறைவு என்றால், பந்து உங்களிடம் எவ்வளவு நேரம் இருந்தாலும் பயனில்லை. அந்த வெளியில் நிற்க ஆள் இல்லையா, ஆள் நின்றும் பாஸ் கொடுக்க யாரும் துணியவில்லையா என்பதையும் குறியுங்கள். முன்னது பெரும்பாலும் வியூகத்தின் குறை. பின்னது நடுக்கள வீரர்களின் திறனோ தன்னம்பிக்கையோ சார்ந்தது.

மூன்றாவதாக, பந்தைப் பறித்த பின் வரும் முதல் ஐந்து நொடிகள். எதிரணி ஒழுங்கு குலைந்து நிற்கும் நேரம் அதுதான். அப்போது முதல் பாஸ் முன்னோக்கிப் போகிறதா, கோல்கீப்பரிடம் திரும்புகிறதா? ஒவ்வொரு முறையும் பின்னோக்கியே போகிறது என்றால், அது பயிற்சியில் சொல்லிக் கொடுக்கப்பட்ட பழக்கமாகவே இருக்க வேண்டும். அதைப் பற்றிப் பயிற்சியாளரிடம் கேள்வி கேட்பதில் தவறே இல்லை.

படி 5: ஸ்கோர் நிலையைப் பிரித்து எழுதுங்கள்

முன்னிலையில் இருக்கும் அணி பின்வாங்கி ஆடும். பின்தங்கிய அணி கண்மூடித்தனமாக ஷாட் அடிக்கும். ஆகவே சமநிலையில் இருந்த நிமிடங்களில் வந்த வாய்ப்புகளைத் தனியாகக் கூட்டுங்கள். கடைசி இருபது நிமிடங்களில் இரண்டு கோல் பின்தங்கியிருந்தபோது சேர்ந்த ஷாட்களை வைத்து ‘நாம்தான் நன்றாக ஆடினோம்’ என்று சொல்பவர்கள் பலர். அந்த ஷாட்களை எதிரணி விட்டுக்கொடுத்தது தெரிந்தே நடந்ததாக இருக்கலாம்.

மாற்று வீரர்களையும் இங்கேயே குறியுங்கள். ஐந்து பேரை மாற்ற அனுமதி இருக்கும்போது, கோல் தேவைப்படும் ஆட்டத்தில் முதல் மாற்றம் 75-ஆம் நிமிடத்துக்குப் பின்னரே தொடர்ந்து வருகிறதா, வந்தவர் வெளியேறியவரின் இடத்தையே நிரப்புகிறாரா, ஆட்டத்தின் வடிவத்தையும் மாற்றுகிறாரா என்று எழுதினால் போதும்.

படி 6: கார்னர், ஃப்ரீகிக்

பந்து நிற்காமல் ஓடும் திறந்த ஆட்டத்தில் திணறும் அணிக்கு இதுவே விரைவான மருந்து. ஆர்சனல் 2023-24 லீக் பருவத்தில் கார்னர்களிலிருந்து மட்டும் 16 கோல்கள் அடித்தது. உங்கள் அணியின் பத்து ஆட்டக் கார்னர்களைத் தொடர்ச்சியாகப் பாருங்கள். ஒரே ஓட்டமுறை மீண்டும் மீண்டும் தெரிகிறதா, ஒவ்வொருவரும் தன் விருப்பப்படி நிற்கிறாரா என்பது உடனே புலப்படும்.

படி 7: ஸ்ட்ரைக்கரைக் கடைசியாக மதிப்பிடுங்கள்

அவர் எத்தனை முறை பந்தைத் தொட்டார் என்று பார்க்க வேண்டாம். 2022-23 பிரீமியர் லீக் பருவத்தில் 36 கோல்கள் அடித்துச் சாதனை படைத்த மான்செஸ்டர் சிட்டி ஸ்ட்ரைக்கர் எர்லிங் ஹாலண்ட், பல ஆட்டங்களில் தன் அணியிலேயே மிகக் குறைவாகப் பந்தைத் தொட்டவர். ஸ்ட்ரைக்கர் பின்கள வரிசையைத் தாண்டி ஓடிய ஒவ்வோர் ஓட்டத்தையும் எண்ணி, அவற்றில் எத்தனைக்குப் பாஸ் வந்தது என்று எழுதுங்கள். பன்னிரண்டு ஓட்டங்கள், இரண்டு பாஸ்கள் என்றால் குறை அவருக்குப் பின்னால் இருக்கிறது. ஓட்டமே மூன்று என்றால், அவரைப் பற்றிய விமர்சனத்தில் நியாயம் உண்டு. ஓட்டமும் பாஸும் இருந்து, படி 3-இன்படி மதிப்புக்குக் கீழேயே கோல் நிற்கிறது என்றால் மட்டும் அவரது குறியைப் பற்றிப் பேசுங்கள். அப்போதும் பத்து ஆட்டங்கள் ஒரு தனி வீரருக்கு மிகக் குறைவு, குறைந்தது ஒரு முழுப் பருவத்தையாவது பாருங்கள்.

படி 8: பொய்யாகக்கூடிய ஒரு வாக்கியத்தை எழுதுங்கள்

‘பயிற்சியாளருக்கு ஒன்றும் தெரியவில்லை’ என்பதை யாராலும் சோதிக்க முடியாது. ‘கிராஸ் வரும் நொடியில் நமது அணி சராசரியாக இரண்டு பேரையே பாக்ஸுக்குள் வைத்திருக்கிறது, ஒரு நடுக்கள வீரரை மேலே அனுப்பினால் தெளிவான வாய்ப்புகள் ஆட்டத்துக்கு ஒன்றிலிருந்து இரண்டாகும்’ என்பது சோதிக்கக்கூடியது. இதைப் போன்ற ஒரு வாக்கியத்தைத் தேதியிட்டு எழுதி வைத்து, அடுத்த ஐந்து ஆட்டங்களையும் இதே முறையில் பதிவு செய்யுங்கள். பாக்ஸுக்குள் ஆள் எண்ணிக்கை கூடியும் வாய்ப்புகள் கூடவில்லை என்றால் உங்கள் காரணம் தவறு. கிராஸின் வகையையோ, வரிசைகளுக்கு இடையிலான பாஸ்களையோ மீண்டும் பாருங்கள். உங்கள் நண்பர் எதிர்க்கட்சிக்காரராக இருந்தால், அவரையும் ஒரு வாக்கியம் எழுதச் சொல்லி, இரண்டையும் ஒரே ஐந்து ஆட்டங்களில் சோதித்துப் பார்க்கலாம்.